வைஸ் பிரசிடென்ட் எழுதுவது

சத்துவாச்சாரி,
ஞாயிறு இரவு

டேய் குமரேசா,

இங்கே எல்லாரும் நலம். அங்கே தங்கச்சி, பையன் எல்லாரும் நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? பையனுக்கு வந்திருக்கிற இரண்டு வேலையில் எதற்கு அனுப்பலாம் என்று நீ எழுதியதற்கு இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதாக இருந்தால் போனில் திட்டிக்கொள். இதை மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் படி. எழுதுவது வைஸ் பிரசிடென்ட்.

சிரிக்காதே, நிஜமாகத்தான். போன வாரம் முதலாளி கூப்பிட்டு, கையில் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு கொடுத்தார். 'வைஸ் பிரசிடென்ட், லேண்ட் அண்ட் அப்ரூவல்ஸ்', தங்க நிற எழுத்தில். சம்பளம் அதேதான். பெட்ரோல் காசும் அதேதான். வீட்டில் காட்டினால், "அப்போ பிரசிடென்ட் யாருங்க?" என்று கேட்கிறாள். ஆபீசில் விசாரித்துப் பார்த்தேன், அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. நம்ம ஒட்டகம் இருக்கானே, அவனுக்கும் சேதி போய்விட்டது. காட்பாடி ஸ்டேஷனில் பார்த்து, அத்தனை பேர் நடுவில் சல்யூட் அடித்தான். நம்ம வாத்தியார் மகாதேவன் சார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும், நான் எழுத வேண்டாம்.

நான் எதில் ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியும். சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தேன், கல் நட்டேன். அப்புறம் மனை பார்க்க வருகிறவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அதற்கு மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் என்று பெயர். 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று ஹைகோர்ட் தடை போட்டதே, அப்போது எங்களோடு இருந்த விற்பனை ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவன் இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கிறான். எனக்கு மட்டும் அந்த நேரத்தில்தான் ஏறுமுகம். பட்டா, வில்லங்கம், எஃப்எம்பி என்கிற நில அளவை ஸ்கெட்ச் எல்லாவற்றையும் சரிபார்த்து, லேஅவுட்டுக்கு அங்கீகாரம் தருகிற டிடிசிபி, தாலுகா ஆபீஸ், ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று சலிக்காமல் அலைகிற ஆள் திடீரென்று எல்லாருக்கும் தேவைப்பட்டான். லயசன் ஆபீசர் ஆனேன், பிறகு மேனேஜர், ஜெனரல் மேனேஜர். நான் பார்த்த வேலை மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றுதான்.

ஆனால் என்னைவிட வேகமாக ஏறியது வாலாஜா பக்கம் ஒரு புஞ்சை. அதன் மூலப்பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கிறது. 1989-க்குப் பிந்தைய பத்திரத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அதற்கடுத்ததில் வேலூர் மாவட்டம். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள் இல்லையா, இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராமல் நான்கு பெயர். இன்னமும் வேலிக்காத்தான்தான் முளைக்கிறது.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மனைக் கம்பெனி சேர்ந்த அன்றே சேல்ஸ் மேனேஜர் என்று கார்டு தருகிறதாம். குறிப்பிட்ட மனை விற்றால் ஜெனரல் மேனேஜர், தனக்குக் கீழே ஆள் சேர்த்தால் டைரக்டர் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். மாதச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை. அதைக் கேட்டுப் பார். பிஎஃப் பிடிக்கிறார்களா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் உண்டா என்றும் கேள். இரண்டும் இல்லையென்றால் அவன் கமிஷன் ஏஜென்ட்தான். ஏஜென்டாக இருப்பது ஒன்றும் கேவலமில்லை, ஆனால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிந்த திட்டத்தில் மனை விற்றுக் கொடுக்க ஏஜென்டும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். கார்டில் டைரக்டர் என்று அடித்தால் அது சரியாகிவிடாது.

சிவில் படித்த பிள்ளை. இன்னொரு இடத்தில் சைட் இன்ஜினியர் வேலை வந்திருக்கிறது என்றாயே, கண்ணை மூடிக்கொண்டு அங்கே அனுப்பு. வெயில்தான். அதுவும் நம்ம ஊர் மே மாத வெயில். இருக்கட்டும். சைட் இன்ஜினியர், ப்ராஜெக்ட் இன்ஜினியர், ப்ராஜெக்ட் மேனேஜர் என்று அவன் படிப்படியாக ஏறினால், ஒவ்வொரு படியிலும் போன படியில் தெரியாத ஒன்று கைவசம் இருக்கும். பெரிய கம்பெனிகளில் டெபுடி மேனேஜர், சீனியர் மேனேஜர், ஏஜிஎம், டிஜிஎம், ஏவிபி என்று நீளும். அங்கேயும் நான் முதலில் பார்ப்பது, எத்தனை ரூபாய் வரைக்கும் அந்த ஆள் யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போடலாம் என்பதைத்தான். அதைக் கேட்டால் பாதி வைஸ் பிரசிடென்ட்கள் முழிப்பார்கள். நானும் சேர்த்திதான்.

சேர்த்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை முதலாளி இன்னொரு பேப்பரை நீட்டினார். பள்ளிகொண்டா பக்கம் வருகிற லேஅவுட்டுக்கு நான்தான் கையெழுத்து அதிகாரம் உள்ளவனாம். விஷயம் என்னவென்றால், அந்த லேஅவுட்டுக்கு டிடிசிபி ஆயிற்று, ரெரா நம்பர் இன்னும் வரவில்லை. ஆனால் 'ப்ரீ லாஞ்ச்' என்று சொல்லி டோக்கன் பணம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ரசீதில் யார் கையெழுத்து? வைஸ் பிரசிடென்ட்.

குமரேசா, தங்க எழுத்து எதற்கு வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2016 ரெரா சட்டத்தை எடுத்து மறுபடி படித்தேன். 500 சதுர மீட்டருக்கு மேல் போகிற லேஅவுட் என்றால், பதிவு செய்யாமல் விளம்பரமும் கூடாது, புக்கிங்கும் கூடாது. மீறினால் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். அதற்குப் பிறகும் மீறினால் மூன்று வருடம் வரை ஜெயில் இருக்கிறது. 69-ஆவது பிரிவைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி தப்பு செய்தால், அந்தச் சமயத்தில் அதன் வியாபாரத்தைப் பொறுப்பில் நடத்தியவரும் குற்றவாளி. எனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முடிந்ததையெல்லாம் செய்தேன் என்றோ அவரே நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். சம்மதித்தோ, கண்டுகொள்ளாமலோ இருந்தால் டைரக்டர், மேனேஜர், செகரட்டரி, மற்ற அதிகாரிகள் எல்லாரும் மாட்டுவார்கள். சங்கிலி பிடித்தவனை அதில் யாரும் தேட மாட்டார்கள்.

முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அப்பா போனபோது ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி அனுப்பினவர் அவர். அதுதான் நாக்கு எழவில்லை. "நம்பர் வரட்டும் சார், அதுவரைக்கும் டோக்கன் வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னேன். "இது என்ன புதுசா? ஊரில் எல்லாரும் பண்றதுதானே" என்று சிரித்தார். டோக்கன் கட்டியவர்களில் அரியூரிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா இருக்கிறார். ரிட்டையர்மென்ட் பணம் என்று என்னிடமே சொன்னார்.

வீட்டில் சொல்லவில்லை. அவள் கார்டை சாமி படத்துக்குக் கீழே வைத்து, அண்ணன் வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிவிட்டாள். வேலையை விட்டால் இந்த வயதில் எவன் கூப்பிடுவான் என்கிற கணக்கும் ஓடுகிறது. பெரியவளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி.

அதனால் எனக்கு ஒன்று செய். உன் மச்சான் வக்கீல்தானே? அவரிடம் இரண்டு விஷயம் மட்டும் கேள். கையெழுத்து அதிகாரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய ஜெனரல் மேனேஜராகவே இருந்தால் 69-ல் எனக்குப் பாதுகாப்பு உண்டா? டோக்கனைத் திருப்பிக் கொடுங்கள் என்று முதலாளிக்கு இமெயில் போட்டுவைப்பது பின்னால் உதவுமா? வாயால் சொன்னது போதாது என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கையெழுத்து அதிகாரம் தருகிற போர்டு தீர்மானம் புதன்கிழமை டைப் ஆகிறது, செவ்வாய் ராத்திரிக்குள் போன் பண்ணு. பத்து மணிக்கு மேல் பண்ணு, மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறேன்.

பையனிடம் இதைப் படித்துக் காட்டு, கடைசிப் பகுதியையும் சேர்த்து. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
ரவி