பனி இருக்கிறது, வாசனை இல்லை

எடின்பரோ, டிசம்பர்

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பசு கன்று ஈன்றதையும், கோயில் திருவிழாக் கணக்கில் இம்முறையும் சண்டை வந்ததையும் வாசித்துவிட்டுத் தனியே சிரித்தேன். மகள் வீட்டில் நலமாக இருக்கிறேன். இலங்கையின் மலைக்குளிரில் வளர்ந்தவன் என்று வந்த அன்று பேசிய பெருமையை மறுநாளே விழுங்கிவிட்டேன். இங்கே இப்போது காலை எட்டரைக்குப் பிறகுதான் விடிகிறது. மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது.

முன்பின் தெரியாத ஊர் என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் நகரின் பெரிய ரயில் நிலையத்தில் வேவர்லி என்ற பலகையைக் கண்டதும், நம் வேவர்லித் தோட்டம் இருக்கும் அக்கரப்பத்தனைக்குப் போகும் பஸ்ஸில் கண்ணயர்ந்து விழித்தவன் போலத் திகைத்தேன். மறுவாரம் அரண்மனை பார்க்க அழைத்துப் போனார்கள். அதன் பெயர் ஹோலிரூட். எனக்கு ஹோலிரூட் என்றால் தலவாக்கலையில் உன் அக்காவைக் கட்டிக்கொடுத்த தேயிலைத் தோட்டம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களமும், வரிசை வீடுகளான லயத்து வாசலில் காயும், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்கும்தான். இங்கோ அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அரச மாளிகையும், அதற்கு எதிரே பாராளுமன்றமும் நிற்கின்றன. பெல்மோரல், கிளாஸ்கோ, டன்சினன் என்று நாம் சின்ன வயதிலிருந்து உச்சரித்த தோட்டப் பெயர்கள் எல்லாம் இந்த ஸ்கொட்லாந்து மண்ணுடையவை. நானுஓயாவில் இந்த நகரத்தின் பெயரிலேயே ஒரு தோட்டம் இருப்பது உனக்குத் தெரியாததா!

1867 இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். 1892 இல் அந்தத் தோட்டத்திலேயே இறந்து, கண்டி மஹய்யாவையில் அடக்கமானார். ஊர் நினைப்பு வந்த வெள்ளைக்காரத் துரைமார் நம் மலைகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயரைச் சூட்டி மனத்தை ஆற்றிக்கொண்டார்கள் போலும். திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து நடந்து வந்த நம் பாட்டன்மாருக்கும் அதே ஏக்கம் இருந்திருக்கும். ஆனால் மலைக்குப் பெயர் வைக்க அவர்களை யார் கேட்டார்கள்? அவர்கள் மாரியம்மனைக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னால், "எங்கே போனாலும் அப்பாவுக்குத் தோட்டத்துக் கதைதான்" என்கிறாள் மகள்.

சில காலைகளில் மூடுபனி இறங்கிக் குன்றின் மேலுள்ள கோட்டையை மறைத்துவிடும். பார்வைக்கு அது நம் பனியேதான். மூச்சை இழுத்தால் மட்டும் ஒன்றுமில்லை. ஃபக்டரி மாடியில் கொழுந்து வாடும் அந்தப் பச்சை வாசனை கலக்காத பனியை இந்த வயதில் இப்போதுதான் காண்கிறேன். தேத்தண்ணியைப் பற்றிக் கேட்காதே. காகிதக் கோப்பையில் நூல் கட்டிய பையைத் தொங்கவிட்டு, சாயம் இறங்குமுன்பே பாலை ஊற்றிவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டையில், ஞாயிறு தவிர்த்து, பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கிறார்கள். 1861 இல் தொடங்கிய வழக்கம். முதல் நாள் அது வெடித்தபோது பக்கத்தில் நின்றவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்தார். நானோ, மத்தியானக் கொழுந்தை எடை போட்டுவிட்டு அம்மா இறங்கி வரும் நேரம் என்று ஒரு கணம் மேட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டேன். அம்மா போய் இருபது வருடம் ஆகிறது.

மாசியில் திரும்பிவிடுவேன். அதற்குள் ஓர் உதவி செய். எங்கள் ஊரிலும் ஹோலிரூட் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் சொன்னேன், நம்பாமல் சிரிக்கிறார். அக்காவைப் பார்க்கப் போகும்போது தோட்டத்துப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பு. பலகைக்குப் பக்கத்தில் நீயும் நில்.

என்றும் அன்புடன்,
லயத்தில் உன் அடுத்த காம்பராக்காரன்