குமுளி சேச்சி கொடுத்த கிளாஸ்

கூடலூர்,
வெள்ளி இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததுமே எழுத நினைத்தேன். கோபம் ஆறட்டும் என்று இருந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்குக் குமுளியில் சேச்சி வீட்டில் நடந்தது இன்னும் உறுத்துகிறது. அவர் நீட்டிய கிளாஸை மோந்து பார்த்தாய். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ஒயினே இல்லப்பா, இனிப்புத் தண்ணி" என்றாய். தமிழில் சொன்னால் புரியாது என்று நினைத்தாயா? குமுளிக்காரருக்குத் தமிழ் தெரியாதா, தாயி? சிரித்தபடியே கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பழம் நம் பந்தலில் காய்த்தது. வருஷா வருஷம் ஒரு பெட்டி நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் காம்பு கிள்ளி, கழுவி, ஈரம் போக உலர்த்தி, சர்க்கரை, ஈஸ்ட், கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்துப் பீங்கான் பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார். தினமும் மரக்கரண்டியால் கிளற வேண்டும். கரண்டியில் ஈரம் இருந்தால் அத்தனையும் கெட்டுவிடும். 21 நாள் இப்படிக் காவல் காத்துத்தான் வடிகட்டுவார்.

"சாப்பிடுற திராட்சையில யாராவது ஒயின் போடுவாங்களா" என்று மலை இறங்கும்போது கேட்டாய். நம் பன்னீர் திராட்சைதான் வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க். அங்கேயும் பெரும்பாலும் சாப்பிடத்தான் வளர்க்கிறார்கள், அதுவரை நீ சொன்னது சரி. ஆனால் ஒயினும் போடுகிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அம்மா இது. அதை நீ இளக்காரமாகப் பேசலாமா?

விலை குறைந்த ஒயின் என்றாலே ஏமாற்றுதான் என்றும் சொன்னாய். நீ போனபிறகு தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் சார்லஸ் ஷா என்று ஒரு ஒயின், 2002இல் பாட்டில் 1.99 டாலருக்கு வந்தது. 2007இல் அந்த மாநிலக் கண்காட்சிப் போட்டியில் அதன் ஷார்டனே என்ற வெள்ளை ஒயின், அந்த வகையில் கலிபோர்னியாவிலேயே சிறந்தது என்று பரிசு வாங்கியது. லேபிளைப் பார்க்காமல் ருசி பார்த்தவர்கள் கொடுத்த பரிசு. அதே போட்டி நடுவர்களுக்கு ஒரே பாட்டில் ஒயினை மூன்று முறை ஊற்றிக் கொடுத்தும் சோதித்திருக்கிறார்கள். பத்தில் ஒருவர்தான் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டாராம். அதனால் பரிசையும் நான் வேதவாக்காகச் சொல்லவில்லை.

என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. 2008இல் வெளிவந்த ஆய்வு. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 90 என்றபோது ருசி கூடுதல் என்றார்கள். மூளையில் இன்பத்தை உணரும் இடமே கூடுதலாக வேலை செய்ததாம். ஆக, அவர்கள் பொய் சொல்லவில்லை. நீயும் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன்.

காய்ப்பைக் குறைத்து, ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் வைத்த ஒயினுக்கு அருமை உண்டு. மலிவில் வெறும் சர்க்கரையால் ஒப்பேற்றுவதும் உண்டு. ஆனால் வெயில் பள்ளத்தாக்கில் ஏக்கருக்கு நிறைய விளைவித்து, இயந்திரத்தால் அறுத்து, ஸ்டீல் தொட்டியில் புளிக்கவைத்தால் விலை தானாக இறங்கும். விவசாயியான எனக்கு அதில் ஏமாற்று எதுவும் தெரியவில்லை. சாதாரண ஜனங்கள் சோற்றோடு குடிக்க அதுதான் கட்டுப்படியாகும்.

அடுத்த வாரம் திராட்சைக் கொடிக்குக் கவாத்து. ஆள் கிடைப்பதுதான் பாடு.

சேச்சி உனக்கென்று எடுத்துவைத்த பாட்டிலை நேற்று என்னிடம் கொடுத்துவிட்டார், "மோளு வரும்போ கொடுங்க" என்று. அலமாரியில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போடு. காலையில் கோயிலுக்குப் போய்விடுவார், பத்து மணிக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா