தண்ணியில எழுதினவங்களுக்கும், மிதிக்காதேன்னு சொன்னவங்களுக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை நம்ம அடுக்குமாடி புளோக்குக்கு கீழ வந்து ஆடினவங்க, எழுதினவங்க, சும்மா நின்னு வேடிக்கை பாத்தவங்க, மேல இருந்து எட்டிப் பாத்து "என்ன சத்தம்"னு கத்திட்டு அப்புறம் அவங்களே செருப்ப மாட்டிக்கிட்டு கீழ இறங்கி வந்தவங்க, எல்லார் வீட்டுக்கும் வந்து சொல்லணும்னுதான் நெனச்சேன், ஆனா கால் ரெண்டும் வீங்கிப்போய் ஸ்டூல் மேல வச்சிட்டு உக்காந்திருக்கேன், அதனால இப்படி எழுதுறேன், கோச்சுக்காதீங்க.

சிங்கப்பூர்லயே இருந்தும் வர முடியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். நான் பரதம் கத்துக்கிட்டவ, இப்போ ஆட்டம் தெரியாத ஆளுங்கள வச்சு ஆட்டம் பண்றவ. என் தோழி சீன நடனம் படிச்சவ. ரெண்டு பேருக்கும் ரொம்ப நாள் ஆசை, சீன எழுத்துக்கலையோட கோடுகள உடம்பால எழுதணும், ஆனா நாங்க மட்டும் மேடையில ஆடக்கூடாது, புளோக்ல இருக்குறவங்கதான் தூரிகை பிடிக்கணும், அவங்கதான் நடக்கணும். இதுல நாங்க புதுசா எதையும் கண்டுபிடிக்கல. தைவான்ல 1973ல கிளவுட் கேட் நடனக் குழுவ ஆரம்பிச்ச லின் ஹ்வாய்-மின், தன் டான்ஸருங்கள தாய்ச்சிங்கற சீன உடற்பயிற்சியும் எழுத்துக்கலையும் பழகச் சொல்லி 2001ல 'கர்சிவ்'னு ஒரு முழு நிகழ்ச்சியே பண்ணிட்டார். அவ்வளவு தூரம் எதுக்கு, இதே ஊர்ல சாந்தா பாஸ்கர் டீச்சர் 1958லயே சீனங்களோட பட்டாம்பூச்சி காதலர் கதைய பரதத்துல போட்டாங்க, அப்போ அவங்களுக்கு இருபது வயசு கூட ஆகல, நானெல்லாம் அந்த வயசுல அரைமண்டி, அதான் முட்டிய மடக்கி பாதி உக்காந்து நிக்கறது, ஒழுங்கா உக்காரலன்னு திட்டு வாங்கிட்டு இருந்தேன்.

முதல் நன்றி லாவ்ஷிக்கு, சீனத்துல வாத்தியார்னு அர்த்தம். ஏழாவது மாடி, எழுபத்தி நாலு வயசு, முப்பது வருஷமா எழுத்துக்கலை சொல்லித் தர்றவர். நாங்க முதல்ல போட்ட பிளான் என்னன்னா, தரையில நீளமா ஷுவான் பேப்பர், அதான் சீன எழுத்துக்கலைக்குன்னே இருக்குற தாள், விரிச்சு, மையில எழுதி, எழுதினதுக்கு மேலயே எல்லாரும் நடந்து ஆடறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவுல நடன இயக்குநர் ஷென் வெய்யோட டான்ஸருங்க ஒரு பெரிய தாள் மேல உடம்பாலயே மை இழுப்பாங்களே, அப்புறம் சின்னப் பிள்ளைங்க வந்து கலர் அடிப்பாங்க, கடைசியில எல்லா நாட்டு வீரர்களும் சாயத்த மிதிச்சு அதே தாள் மேல நடந்து போவாங்க, அந்த வீடியோவ காட்டி "இதே மாதிரிதான் லாவ்ஷி"ன்னேன். பொறுமையா முழுசும் பாத்தார். பாத்துட்டு, "அது படம். மலை, ஆறு. எழுத்து இல்ல. எழுத்த மிதிக்கக் கூடாது"ன்னார்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கடுப்பு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட புலம்பினா அம்மா அவர் கட்சி. "நம்ம மட்டும் என்னவாம், புத்தகத்துல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கல?"ன்னு கேட்டுட்டு அவங்க பாட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க. அப்புறம்தான் லாவ்ஷி சொன்னார், அந்தக் காலத்துல சீனாவுல எழுத்து இருக்குற தாள குப்பையில கூட போட மாட்டாங்களாம், அதுக்குன்னே தனியா சின்ன கோபுரம் மாதிரி கட்டி வச்சு அதுலதான் எரிப்பாங்களாம். இத கேட்ட பிறகு நான் என்ன பேச?

இருந்தாலும் அடங்கல. லாவ்ஷிக்குத் தெரியாம ஒரு ஒத்திகை வச்சோம். அந்தக் கதைய இப்போ எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். ஷுவான் பேப்பர்ல ரெண்டு ரகம் இருக்கு, பச்சையா விட்டது மைய உறிஞ்சிப் பரப்பும், படிகாரம் போட்டு பதப்படுத்தினது பரப்பாது. நான் விலைய பாத்து முதல் ரகத்த வாங்கிட்டேன். மை தரை வரைக்கும் ஊறிடுச்சு, ஈரத்துல ஒரு பையன் கால வச்சதும் அப்பளம் மாதிரி கிழிஞ்சு அவன் பாதத்தோட ஒட்டிக்கிச்சு, வாய்ட் டெக், அதான் புளோக்குக்கு அடியில இருக்குற திறந்த தளம், அங்க டைல் எல்லாம் கறுப்பு. பாதி ராத்திரி வரைக்கும் தேய்ச்சோம். மறுநாள் லாவ்ஷி லிப்ட் கிட்ட நின்னு தரையப் பாத்தார், என்னைப் பாத்தார், ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு சாயந்திரம் அவரே ஒரு பழைய துடைப்பக் கட்டையில பஞ்சு மெத்தைத் துண்ட கூம்பா வெட்டிக் கட்டி எடுத்துட்டு வந்து, ஒரு வாளி தண்ணிய வச்சு, "பார்க்ல பெரியவங்க இப்படித்தான் எழுதுவாங்க"ன்னார். சீனாவுல காலையில பார்க்குகள்ல தரையில வெறும் தண்ணியால எழுதுவாங்க, தீஷுன்னு பேரு. எழுதுறவர் பின்பக்கமாவே அடி எடுத்து வச்சுக்கிட்டு போவார், தன் எழுத்த தானே மிதிச்சிடக் கூடாதில்ல, அதுக்காக.

ரெண்டாவது நன்றி நம்ம புளோக் கிளீனிங் பாக்குற புதுக்கோட்டை அண்ணனுக்கு. சத்தியமா சொல்றேன், அவர் இல்லன்னா எதுவும் நடந்திருக்காது. வாய்ட் டெக் டைல்ல தண்ணி முத்து முத்தா நிக்குது, கோடு வரவே இல்ல, நாங்க முழிச்சிட்டு நிக்கறோம். அண்ணன் மாப்ப கீழ வச்சிட்டு, "அங்க விளையாடுற கோர்ட்டுக்குப் போங்க தங்கச்சி, அந்த சிமெண்டுதான் தண்ணி குடிக்கும், தெனமும் கழுவுறேன்ல எனக்குத் தெரியாதா"ன்னார். போய் ஒரு கோடு போட்டோம். கருகருன்னு அப்படியே நின்னுச்சு.

அங்கதான் எங்க ஆட்டமே பொறந்துச்சு. லாவ்ஷி எழுதினது 'யோங்'. சீன எழுத்து கத்துக்கறவங்க எல்லாரும் முதல்ல அடிச்சு அடிச்சுப் பழகுற எழுத்து, எட்டு வகைக் கோடும் அந்த ஒரே எழுத்துல இருக்கு. அர்த்தம் என்றென்றைக்கும். அஞ்சு மணி வெயில்ல அந்த என்றென்றைக்கும் நாலு நிமிஷத்துல காணாமப் போச்சு, லாவ்ஷியே விழுந்து விழுந்து சிரிச்சார். ஆனா நானும் தோழியும் சிரிக்கல, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ஏன்னா அது மொத்தமா மறையல, எழுதின வரிசையிலேயே மறைஞ்சுது. முதல்ல மேல இருக்குற புள்ளி, அப்புறம் நடுக்கோடு, கடைசியா வலது பக்கம் கீழ இழுக்குற கோடு, அதுல தூரிகைய அழுத்தி நிறுத்தி எடுப்பாங்க, தண்ணி நிறைய இறங்கியிருக்கும், அது மட்டும் ஒரு மீன் வால் மாதிரி ரொம்ப நேரம் கிடந்துச்சு.

அதையே விதியா வச்சிட்டோம். எழுத்த மிதிக்கக் கூடாது, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்குற இடத்துலதான் கால் வைக்கணும். உங்க கோடு காயிற வரைக்கும் ஆடலாம், காய்ஞ்சா வெளிய வந்துடணும். அவ்வளவுதான். இதுக்கு மேல யாருக்கும் எதுவும் சொல்லித் தரல. ஆனா சனிக்கிழமை பாத்தீங்களே, எட்டாம் நம்பர் வீட்டு ஆன்ட்டி முட்டி வலியோட அந்த மீன் வாலுக்குப் பக்கத்துல தனியா கடைசி ஆளா நின்னு, கோடு மெலிய மெலிய கைய மட்டும் மெதுவா இறக்கினாங்களே, அத எந்த கொரியோகிராபரும் சொல்லித்தர முடியாது. லாவ்ஷி ஆமான்னு சொல்லியிருந்தா நாங்க பேப்பர் மேல தைய தக்கான்னு குதிச்சுட்டுப் போயிருப்போம்.

மூணாவது, ஓபரா ஆ மாவுக்கு, ஆ மான்னா பாட்டி. டியோச்சுங்கற சீன வட்டார மொழியில நடக்குற ஓபராவுல சின்ன வயசுல இருந்து பாடி ஆடினவங்க, நீர்க்கை சொல்லித் தந்தாங்க, அதாவது சட்டைக் கையோட நுனியில தொங்குற நீளமான வெள்ளைத் துணி, அத வீசுறதும் திரும்ப மணிக்கட்டுல மடிச்சு மடிச்சு வாங்குறதும். நான் முத்திரை பழக்கத்துல விரல்ல ஆரம்பிச்சேன், கையிலயே ஒரு அடி போட்டாங்க. தோள்ல கிளம்பி முழங்கை, மணிக்கட்டு, அப்புறம்தான் விரல். அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு டியோச்சு வராது, நடுவுல எங்கம்மாதான், கம்பத்துல, அதான் அந்தக் கால மலாய் கிராமத்துல வளந்தவங்க, ரெண்டு பேரும் பாசார் மலாய்ல, அதாவது சந்தையில பேசுற மலாய்ல, பேசி பேசி எனக்கு சொல்லிக் குடுத்தாங்க. "பெலான் பெலான்"னு ஆ மா சொல்றதும் "மெதுவாடீ"ன்னு அம்மா அத தமிழ்ல கத்துறதும், எனக்கே அது தெரியும்மா! துணி கிடைக்காம அப்பாவோட ரெண்டு பழைய வேட்டிய கிழிச்சுத் தைச்சோம், அவர் இன்னும் தேடிட்டு இருக்கார், யாரும் சொல்லிடாதீங்க.

அப்புறம் அனுமதிக்கு உதவின டவுன் கவுன்சில் அதிகாரிக்கு, கேட்டதும் கடையில இருந்து தே ஓ ஐஸ், அதான் பால் இல்லாத ஐஸ் டீ, அனுப்பின கடைக்காரர் பாய்க்கு, தாளம் கேட்டப்போ வாளியத் தட்டி சமாளிச்ச தம்பிங்களுக்கு நன்றி. பண உதவி கேட்ட ஒரு இடத்துல "இது கலையா, பிள்ளைங்க தண்ணி விளையாட்டா"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் ஒரு கும்பிடு, பணம் வந்திருந்தா கண்டிப்பா நல்ல ரக பேப்பர்தான் வாங்கியிருப்பேன்.

கடைசியா ஒரு சமாச்சாரம். எங்க வீட்டு வாசல்ல இன்னும் ஆறு வாளியும் மூணு மாப் கட்டையும் கிடக்குது. நீல வாளி ஒண்ணுல அடியில சீனத்துல பேர் எழுதியிருக்கு, லாவ்ஷிகிட்ட படிக்கச் சொன்னேன், கையெழுத்து மோசம்னு சொல்லி படிக்க மாட்டேன்ட்டார். யாரோடதோ வந்து எடுத்துக்கோங்க, ராத்திரி ஒம்பது வரைக்கும் வீட்லதான் இருப்பேன்.