எந்த உப்பைக் குறைப்பது என்பதையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் உயர் இரத்த அழுத்தம் குறித்து வெளிவந்த கட்டுரை, மாத்திரைகளைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, 'உணவில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு முடிந்திருந்தது. மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மருந்துச் சீட்டின் அடியில் உப்புக்குச் சப்பாணியாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வரியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதைப் படித்தவர்களில் பெரும்பாலோர், சாப்பிடும் இடத்தில் இருந்த உப்புக் குப்பியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வேண்டியதைச் செய்துவிட்டதாக நிம்மதி அடைந்ததையும் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது 2,000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம். ஒரு தேக்கரண்டி உப்பைவிடச் சற்றுக் குறைவு என்று கொள்ளலாம். இலையிலோ தட்டிலோ போட்டுக்கொள்ளும் உப்பு மட்டுமல்ல, அடுப்பில் சேர்ப்பதும் கடையில் வாங்கும் உணவுக்குள் ஏற்கெனவே கலந்திருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். உலக மக்கள் சராசரியாக உட்கொள்வதோ ஏறத்தாழ இதைப்போல் இரு மடங்கு. வறுவல் வகைகள் உப்பானவை என்பதை நாக்கே சொல்லிவிடும். ரொட்டியும் பிஸ்கட்டும் அப்படிச் சொல்வதில்லை. அளவில் சிறிதாக இருந்தாலும் நாள்தோறும் பல முறை உண்ணப்படுவதால், அவற்றில் உள்ள உப்பும் சமையல் சோடாவின் சோடியமும் சேர்ந்து கணிசமாகிவிடுகின்றன.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். அங்கே 'உப்பு' என்று எழுதியிருப்பது அரிது. 'சோடியம்' என்று, மில்லிகிராமில், பெரும்பாலும் 100 கிராமுக்கு இவ்வளவு என எழுதியிருக்கும். சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும் என்பதை அறிந்து, கடையில் நின்று அந்தப் பெருக்கலைச் செய்பவர்கள் எத்தனை பேர்? 800 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏதோ நுண்ணிய அளவு போலத் தோன்றுகிறது. 2 கிராம் உப்பு, ஒரு நாள் வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு என்று எழுதினால் கை சற்றே தயங்கும். தயங்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி எழுதுகிறார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

என் தொழிலைச் சார்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளுக்கு அந்த நுரையைத் தருவது சோடியம் கலந்த உப்புகளே. அத்தகைய வலி நிவாரணிகள் சிலவற்றில் ஒரு மாத்திரைக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஐந்து மாத்திரைகளில், ஒரு கவளம்கூட உண்ணாமலே, அன்றைய வரம்பு முடிந்துவிடும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் இவற்றை நாள்கணக்கில் எடுக்கும் முன் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இவ்வளவு மெனக்கெடலுக்குப் பலன் உண்டா என்பவர்களுக்கு 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைச் சொல்வேன். 412 பேருக்கு மூன்று வெவ்வேறு சோடிய அளவுகளில், ஒவ்வொன்றும் 30 நாள்கள் என உணவு வழங்கப்பட்டது. சோடியம் படிப்படியாகக் குறையக் குறைய இரத்த அழுத்தமும் இறங்கியது. ஏற்கெனவே அழுத்தம் கூடியிருந்தவர்களிடம் அந்த இறக்கம் அதிகமாக இருந்தது. உடலில் சோடியம் மிகும்போது அதனோடு நீரும் தங்கி, குழாய்களில் ஓடும் இரத்தத்தின் கன அளவு கூடுகிறது; அந்தச் சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும் திறன் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால்தான் ஒரே அளவு உப்பு ஒருவரைப் பாதிப்பதுபோல் மற்றொருவரைப் பாதிப்பதில்லை. இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்பதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை.

உப்புக்கு மாற்று தேடுவோர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். கல் உப்பு, கடல் உப்பு, இளஞ்சிவப்பு நிற உப்பு ஆகிய அனைத்தும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான்; இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை நிறத்தால் ஒன்றும் மாறுவதில்லை, அயோடின் சேர்க்கப்படாத வகையென்றால் அதையும் இழக்கிறோம். சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பு வேறு வகை. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் அதே உப்பு இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். இந்த எச்சரிக்கையின்றி அதைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல்.

சுவை போய்விடுமே என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், பிறகு பழைய அளவே கரிப்பாகத் தோன்றும். பிரிட்டனில் உணவு நிறுவனங்கள் ரொட்டி உள்ளிட்டவற்றில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்த காலத்தில், 2003-க்கும் 2011-க்கும் இடையே ஒருவரின் சராசரி உட்கொள்ளல் 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமுக்கு இறங்கியது. நோயாளியின் மனவுறுதியை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.

எனவே, உணவு நிறுவனங்கள் பொட்டலத்தின் முகப்பிலேயே உப்பின் அளவைக் கிராமில், ஒரு வேளைக்கு உண்ணும் அளவுக்கு ஏற்பக் குறிப்பிட வேண்டும் என்று தங்கள் இதழ் தலையங்கம் வழியாக வலியுறுத்த வேண்டுகிறேன். அது நடக்கும் வரை, மருத்துவப் பக்கத்தின் ஓர் ஓரத்தில் சோடியத்தை உப்பாக மாற்றும் சிறு கணக்கை வாசகர்கள் கத்தரித்துப் பணப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்