குலசை ராக்கெட்டைப் பற்றி ஊருக்கும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரன்பட்டினம் (குலசை) ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியதிலிருந்து நிலம், கட்டுமானம், வேலைவாய்ப்பு என்று எவ்வளவோ செய்திகள் வந்துவிட்டன. அங்கிருந்து சிறிய செயற்கைக்கோள்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. எப்படிப்பட்ட ராக்கெட் என்பது மட்டும் எங்கள் கடற்கரை ஊர்களுக்கு வந்து சேரவில்லை.

உடன்குடிப் பக்கம் வேதியியல் நடத்தியவள் நான். மணப்பாட்டுப் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "டீச்சர், ஏதாவது கோளாறுன்னா நடுவுல அணைச்சிருவாங்களா?"

அணைக்க முடியாது. எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முக்கிய அடுக்குகளும் திட எரிபொருளில் இயங்குபவை. அலுமினியத் தூளையும், அது எரிய ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட்டையும் ரப்பர் போன்ற பாலிமரில் பிசைந்து, உறைக்குள் வார்த்து, இறுக விடுகிறார்கள். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒன்றாகவே கலந்திருப்பதால் பற்றிய பிறகு நிறுத்த வழியில்லை. நடுவே நீளவாக்கில் ஒரு துளை. அதன் சுவர்தான் எரிகிறது. எரியும் பரப்பு கூடினால் விசையும் கூடும். ஆகவே எந்த நொடியில் எவ்வளவு விசை என்பதைத் துளையின் வடிவமே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. உள்ளே விரிசல் இருந்தால் அதற்குள்ளும் தீ புகுந்து அழுத்தம் எகிறிவிடும். அதனால்தான் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் நான்கு அடுக்குகளும் இதே வகைதான்.

குலசையைத் தேர்ந்தெடுத்ததும் சரியே. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். 500 கிலோ சுமக்கும் சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவு பெரிய இழப்பு. இங்கிருந்து நேரே தெற்கே போகலாம்.

இத்தனை நன்மையையும் சொல்பவர்கள் மற்றதையும் சொல்ல வேண்டும். 2025 மே 18-ல் இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. சி-61 ராக்கெட் தோற்றது, திட எரிபொருள் கொண்ட மூன்றாம் அடுக்கில் அழுத்தம் குறைந்ததால். பெர்குளோரேட் எரியும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு உண்டு. காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். பனையை நம்பி வாழும் ஊர் எங்களுடையது. ஏவுதளத்தைச் சுற்றிக் காற்றையும் கிணற்று நீரையும் இப்போதே அளந்து வைத்து, ஒவ்வொரு ஏவுதலுக்குப் பிறகும் மறுபடி அளந்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

முதல் ராக்கெட் கிளம்புமுன் மணப்பாடு, ஆலந்தலை போன்ற ஊர்களுக்கு இஸ்ரோ விஞ்ஞானிகள் நேரில் வர வேண்டும். எரிந்து தீர்ந்த அடுக்குகள் எந்தக் கடற்பகுதியில் விழும், படகுகள் எத்தனை மணி நேரம் கரையில் நிற்க வேண்டும், அன்றைய கூலிக்கு என்ன வழி என்று மக்கள் கேட்பார்கள். அதற்கான பதிலோடு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
உடன்குடி, தூத்துக்குடி மாவட்டம்.