லியரின் பொத்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தைப் பற்றிய உங்கள் கட்டுரை, ‘என்மேல் எவ்வளவு அன்பு?’ என்று மகள்களைக் கேட்டு ராஜ்யத்தைப் பங்கு போட்ட லியரிடம், இளையவள் கார்டிலியா ‘ஒன்றுமில்லை’ என்றதைப் பிடிவாதம் என்கிறது. என் மனம் ஒப்பவில்லை. அக்காமார் இருவரும் தேனொழுகப் பேசி நிலம் வாங்கியதைப் பார்த்து நின்றவள் அவள். அன்பை விலை பேச அவளுக்கு வாய் வரவில்லை.

மூன்று பெண்களில் நான் மூத்தவள். அப்பா கடைசி ஆறு வருடம் என்னோடுதான் இருந்தார். அதனால் என்னை உலுக்குவது இரண்டாம் அங்கத்துப் பேரம். லியரின் நூறு வீரர்கள், மகள்கள் குறைக்கக் குறைக்க, ஐம்பதாகி, இருபத்தைந்தாகி, கடைசியில் ‘ஒருவர்தான் எதற்கு?’ என்கிறாள் இரண்டாவது மகள் ரீகன். அப்பாவின் பழைய நாற்காலியைக் காட்டி ‘இது எதற்கு?’ என்று நானும் ஒருநாள் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கார்டிலியா இறக்கும் முடிவை மாற்றி நடிக்கலாம் என்ற யோசனையும் கட்டுரையில் இருந்தது. 1681-இலேயே நேஹம் டேட் என்ற நாடகாசிரியர் அதைச் செய்துவிட்டார். கார்டிலியாவைப் பிழைக்கவைத்து, நாடகத்தில் வரும் பிரபு மகன் எட்கருக்கு மணமுடித்தார். ஆங்கில மேடையில் வெகுகாலம் அதுவே ஓடியது. 1838-இல் நடிகர் மக்ரெடி, டேட் நீக்கியிருந்த கோமாளியையும் சேர்த்து, ஷேக்ஸ்பியரின் நாடகத்தை மீட்டார்.

மகளின் உடலருகே லியர், ‘இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள்’ என்று கேட்டு, நன்றியும் சொல்கிறார். ராஜ்யத்தையே பங்கு போட்டவர், ஒரு பொத்தானுக்கு நன்றி சொல்கிறார். நாடகக்காரர்களே, அந்த வரியை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி