ஷெர்லி ஹார்ன் கேட்டுக்கொண்டிருக்கிறேன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் இல்லாமலேயே வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். ராத்திரி வேலையெல்லாம் முடிந்ததும் பாட்டு கேட்க நேரம் கிடைக்கிறது.

இப்போதெல்லாம் ஷெர்லி ஹார்ன்தான். வாஷிங்டனில் பிறந்து வளர்ந்த ஜாஸ் பாடகி. அமெரிக்க ஹோட்டல் லவுஞ்சுகளில் எத்தனையோ பேர் பாடிய பழைய காதல் பாட்டுகளைத்தான் அவரும் பாடினார், தானே பியானோ வாசித்துக்கொண்டு. 1960-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் பிரபல டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்கு ரொம்பப் பிடித்துப்போய், நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் தன் கச்சேரிக்கு முன்னால் அவரைப் பாடவைத்தார்.

‘யூ வோன்ட் ஃபர்கெட் மீ’ என்ற பாட்டைக் கட்டாயம் கேள். 1953-இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காக வந்த பாட்டு. ஷெர்லி அதை ஏழு நிமிடத்துக்கு மேல் பாடுகிறார். ஒரு வரியைப் பாடிவிட்டு நிறுத்துகிறார். அடுத்த வரி வருமா என்றே நமக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த இடைவெளியில் மைல்ஸின் டிரம்பெட் இரண்டு மூன்று ஸ்வரம் மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இந்தப் பாட்டு இருக்கும் ஆல்பம் வெளியான 1991-லேயே மைல்ஸ் இறந்துவிட்டார் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் தொண்டை அடைக்கிறது.

இவ்வளவு மெதுவாக இவரால் மட்டும் எப்படிப் பாட முடிகிறது என்று யோசித்தேன். பாடுகிறவரும் பியானோ வாசிக்கிறவரும் ஒரே ஆள் என்பதுதான் காரணம் என்று படுகிறது. சொல்லை எங்கே வைப்பது, அதற்கு முன்னால் எந்தக் கார்டை (சேர்த்து அழுத்தும் ஸ்வரக்கூட்டத்தை) விழவிடுவது, எவ்வளவு நேரம் சும்மா இருப்பது, எல்லாம் ஒரே மனசு எடுக்கிற முடிவு. வேறொருவர் வாசித்தால் அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்து எதையாவது வாசித்து நிரப்பிவிடுவார். 1963-இல் மெர்குரி ரிக்கார்டு கம்பெனிக்காகப் பாடியபோது பியானோவை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பதிவுகளும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எனக்கு அதில் பாதி ஷெர்லிதான் கேட்கிறது.

அப்புறம் மகளை வளர்ப்பதற்காகப் பல வருஷம் பெரும்பாலும் உள்ளூரிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். 1987-இல் வெர்வ் ரிக்கார்டு கம்பெனி மூலம் திரும்பி வந்தபோது ஐம்பதைத் தாண்டிவிட்டார். பேஸ் வாசித்த சார்லஸ் ஏபிள்ஸும் டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் வில்லியம்ஸும் வருஷக்கணக்காகக் கூடவே இருந்தவர்கள், அவர் எங்கே நிறுத்துவார் என்று அத்துப்படி.

கடைசிக் காலத்தில் சர்க்கரை நோயால் ஒரு பாதத்தை எடுக்கவேண்டி வந்தது. பியானோ பெடலை மிதிக்க முடியாமல் போயிற்று. 2003-இல் வந்த ஆல்பத்தில் பெரும்பாலும் ஜார்ஜ் மெஸ்டர்ஹேஸி பியானோ வாசிக்க, இவர் பாடுகிறார். குரலில் உறுதி குறையவில்லை. ஆனாலும் அந்தக் கைகள் இல்லாத குறை எனக்குத் தெரிகிறது. 2005-இல் போய்விட்டார்.

உன் பையன் கீபோர்டு கற்கிறான் என்று எழுதியிருந்தாயே, அவனுக்கு 1992-இல் வந்த ‘ஹியர்ஸ் டு லைஃப்’ ஆல்பத்தைப் போட்டுக்காட்டு. ஜானி மேண்டல் அமைத்த வயலின்கள் பின்னால் பரந்து வரும். ஷெர்லியின் பியானோவை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்கச் சொல். என்ன சொன்னான் என்று மறக்காமல் எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
மல்லிகா